புல் பார் பொருத்தலாமா, வேண்டாமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வாகனத்தின் முகப்பில் பொருத்தப்படும் தடித்த குழாய்ச் சட்டகமான புல் பார் பற்றியே இருந்தன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். முதல் கடிதத்துக்கான பதில் நீளமானது. மற்றப் பதில்கள் அதை ஒட்டியே வருவதால் அதை முதலில் படித்துவிடுவது நல்லது.

கேள்வி: சேஸிஸ் என்னும் அடிச்சட்டகத்தின் மீது உடற்பகுதி பொருத்தப்பட்ட பழைய டீசல் ஃபோர் வீல் டிரைவ் வாகனம் ஒன்றை அண்மையில் வாங்கியிருக்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் அது அலுவலகத்துக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் போய்வருகிறது. ஆண்டுக்கு நான்கைந்து முறை நண்பர்களோடு காட்டுப் பாதைகளிலும் ஆற்றுப் படுகைகளிலும் மூன்று நாள், நான்கு நாள் பயணம் போகிறோம். குழுவில் என் வாகனத்துக்கு மட்டுந்தான் புல் பார் இல்லை; மீசை இல்லாத மாப்பிள்ளை என்று கேலி செய்கிறார்கள். என் மனைவியோ, பிள்ளைகள் நடமாடும் பள்ளி வாசலில் இரும்புக் கொம்போடு போய் நிற்பதா என்று கேட்கிறார். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத் தோன்றுவதால் முடிவெடுக்க முடியவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் விவரிக்கும் பயன்பாட்டுக்குப் புல் பார் வேண்டாம். ஆனால் கேலி செய்யும் நண்பர்களுக்குச் சொல்வதற்குக் காரணங்கள் வேண்டுமல்லவா, அவற்றைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

புல் பார் என்பது வாகனத்துக்குள் இருப்பவர்களின் உயிரைக் காக்கும் கருவி என்று பலர் நம்புகிறார்கள். அது அந்த வேலைக்காகப் பிறந்ததன்று. சிறிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். 2,500 கிலோ எடையுள்ள வாகனம் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும்போது, குறுக்கே பாய்ந்த 80 கிலோ விலங்கின் மீது மோதுவதாக வைத்துக்கொள்வோம். மோதிய விலங்கு வாகனத்தோடு ஒட்டிக்கொண்டு அதே வேகத்தில் நகர்வதாகக் கொண்டால்கூட, வாகனத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ இரண்டரை கி.மீ. மட்டுமே குறையும். சீட் பெல்ட் அணிந்தவருக்கு அந்தக் குலுக்கலால் காயம் ஏற்படுவது அரிது. அதே இடத்தில் 500 கிலோ மாடு நின்றிருந்தால் வேகம் ஏறத்தாழ 13 கி.மீ. குறையும், அது கடுமையான இடிதான். ஆனால் அந்த இடியைப் புல் பார் ஒரு கி.மீ. அளவுகூடக் குறைத்துத் தருவதில்லை, ஏனென்றால் வேகம் எவ்வளவு குறையும் என்பதை இரண்டின் எடைகளும் தீர்மானிக்கின்றனவே தவிர, இடையில் இருக்கும் குழாய் தீர்மானிப்பதில்லை.

அப்படியானால் அது காப்பது எதை? ரேடியேட்டரை. வாகனத்தின் முகப்புக் கிரில்லுக்குப் பின்னால், ஒரு சாண் தூரத்துக்குள், ஏசியின் கண்டென்சர், டர்போ என்ஜினாக இருந்தால் இன்டர்கூலர், அதன் பின் ரேடியேட்டர், அதன் பின் விசிறி என்று எல்லாம் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. இவை மெல்லிய அலுமினியத் தகடுகளாலும் குழாய்களாலும் ஆனவை. 80 கிலோ விலங்கு மோதும்போது பயணிகளுக்குப் பெரிய அதிர்ச்சி இராது. ஆனால் கிரில் உள்வாங்கி, ரேடியேட்டர் பின்னுக்குத் தள்ளப்பட்டு, விசிறியின் இறக்கை அதைக் கிழித்துவிடும். குளிர்விக்கும் நீர் வழிந்துபோன என்ஜின் சில நிமிடங்களிலேயே கொதிநிலைக்குப் போய்விடுகிறது. அதையும் பொருட்படுத்தாமல் ஓட்டினால் சிலிண்டர் ஹெட் கோணிக்கொள்கிறது. அதாவது, மோதலில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழாமலே வாகனம் அங்கேயே நின்றுவிடுகிறது. புல் பார் தடுக்க முயல்வது இந்த நிலையைத்தான்.

இந்தப் பின்னணியில்தான் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் அது அவ்வளவு பரவலாக இருப்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே அடுத்த குடியிருப்பு நூற்றுக்கணக்கான கி.மீ. தள்ளி இருக்கலாம், அந்தி நேரத்திலும் விடியலிலும் கங்காருக்கள் சாலையைக் கடக்கின்றன, செங்கங்காருவின் ஆண் 80 கிலோவுக்கும் மேல் வளரக்கூடியது. எனவேதான் அங்கு அதற்கு, கங்காரு என்பதைச் சுருக்கி, 'ரூ பார்' என்றும் பெயர் உண்டு. கடும் வெயிலில், ஆள் நடமாட்டமே இல்லாத சாலையில், தனியாக வந்தவர் ரேடியேட்டர் உடைந்து நின்றால் அவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. அவர் தம் வாகனத்தில் 60 கிலோ இரும்பைச் சுமந்து போவதில் பொருள் இருக்கிறது.

விலங்கின் உயரமும் கணக்கில் சேர வேண்டியது. கால் நீண்ட மூஸ் மானோ ஒட்டகமோ குறுக்கே வந்தால், பார் அதன் காலைத்தான் தட்டும். உடல் முழுவதும் பானட்டின் மீது சரிந்து முன்கண்ணாடி வழியே உள்ளே வரும். பார் இருந்தும் பயனில்லாத மோதல் அது. காட்டுப் பன்றி போன்ற தாழ்ந்த விலங்குகளோ பாரின் அடியில் புகுந்து, அடிப்பகுதியில் உள்ளவற்றை உடைக்கின்றன. பார் தன் வேலையைச் சரியாகச் செய்வது, எடையின் மையம் ஏறத்தாழ பார் உயரத்திலேயே அமைந்துள்ள விலங்குகளிடம் மட்டுந்தான். உங்கள் பாதைகளில் எந்த விலங்குகள் வருகின்றன என்பதை நண்பர்கள் யாராவது எண்ணிப் பார்த்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. பார் வாங்கும் ஒவ்வொருவரும் வாங்கும் முன் அதைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. சரளைக் கற்கள் நிறைந்த மண்பாதையில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் ஒருவர் விலங்கைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள் ஒன்றரை விநாடி கழிகிறது என்று கொள்வோம். அதற்குள் வாகனம் 33 மீட்டர் ஓடிவிடும். பிறகு அது முழுமையாக நிற்க இன்னும் ஏறத்தாழ 55 மீட்டர் வேண்டும். மொத்தம் 88 மீட்டர். வேகம் 60 கி.மீ. என்றால் இது ஏறத்தாழ 56 மீட்டராகக் குறைகிறது. ஹெட்லைட்டைத் தாழ்த்தி வைத்த நிலையில் அது தெளிவாகக் காட்டும் தூரத்தை இந்த இரண்டு எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: ஒன்றில் நிற்க வழியே இல்லை, மற்றொன்றில் ஓரளவு உண்டு. இரவில் மண்பாதையில் 20 கி.மீ. வேகம் குறைப்பதால் கிடைக்கும் பாதுகாப்பை எந்தப் பாரும் தருவதில்லை. பார் பொருத்தியவர்களிடம் நான் காணும் பெரிய தீங்கே, பொருத்திய நாளிலிருந்து அவர்கள் அந்தியிலும் வேகமாகப் போகத் தொடங்குவதுதான். விலங்கைக் கண்டு ஸ்டியரிங்கை வெடுக்கென ஒடித்து, மரத்தில் மோதியோ உருண்டோ உயிரிழப்பவர்களையும் பார் காப்பதில்லை. பார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேராகப் பிடித்துக்கொண்டு பிரேக்கை அழுத்துவதே சரி.

இனி உங்கள் மனைவியின் கேள்விக்கு வருகிறேன். தற்கால வாகனங்களின் முகப்பு, நடந்து போகிறவர் மீது மோத நேர்ந்தால் ஓரளவு உள்வாங்கிக் கொடுக்கும்படி வடிவமைக்கப்படுகிறது: பிளாஸ்டிக் பம்பர், அதன் பின்னால் மென்மையான நுரை, அழுத்தினால் மடங்கும் பானட். நடப்பவரின் காலும் இடுப்பும் தலையும் அந்த மென்மையில்தான் தப்பிக்கின்றன. அதற்கு முன்னால் வளையாத எஃகுக் குழாய் ஒன்றை நிறுத்தினால் அந்த ஏற்பாடு முழுவதும் வீணாகிறது. பெரியவரின் இடுப்பெலும்பு உயரத்தில் இருக்கும் குழாய், ஏழு வயதுக் குழந்தைக்கு நெஞ்சுக்கும் தலைக்கும் நேராக இருக்கிறது. மெதுவான வேகத்திலேயே இது கொடிய காயம் உண்டாக்கும். ஆண்டில் பெரும்பாலான நாள் உங்கள் வாகனம் பள்ளி வாசலில் நிற்கிறது. ஏதோ சில நாள் காட்டில் நிற்கிறது. அபாயம் எங்கே அதிகம் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. உங்கள் மனைவி கேட்டது உணர்ச்சிவசப்பட்ட கேள்வி அன்று. ஐரோப்பிய ஒன்றியம் சட்டமாக எழுதிவைத்திருப்பதும் அதைத்தான்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஐரோப்பிய ஒன்றியம் 2005-ஆம் ஆண்டு வழிகாட்டு ஆணை ஒன்றின் மூலமாகவும், பிறகு 2009-ஆம் ஆண்டு ஒழுங்குவிதி மூலமாகவும், முகப்புப் பாதுகாப்புச் சட்டகங்கள் கால், தலை ஆகிய பகுதிகளின் மாதிரிகளைக் கொண்டு மோதல் சோதனை செய்யப்பட்ட பிறகே விற்கப்பட வேண்டும் என்று வகுத்தது. முரட்டு எஃகுப் பார்கள் அங்கே அருகியதற்குக் காரணம் இது. இந்தியாவில் 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், வாகனங்களில் புல் பாரோ கிராஷ் கார்டோ பொருத்துவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை மீறுவதாகும் என்று மாநிலங்களுக்கு எழுதியது. ஆஸ்திரேலியாவிலோ பார் அனுமதிக்கப்படுகிறது; ஆனால் 2002-இல் வெளியான ஏஎஸ் 4876.1 என்ற தரநிலை, பார் வாகன முகப்பின் வடிவத்தை ஒட்டி இருக்க வேண்டும், கூரிய விளிம்புகள் இருக்கக் கூடாது என்கிறது. ஓட்டுநரின் பார்வையையும் விளக்குகளையும் அது மறைக்கக் கூடாது. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், வாகனப் பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளாமல் எதையும் பொருத்தாதீர்கள். அறிவிக்காமல் செய்த மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டை மறுப்பது காப்பீட்டு நிறுவனத்துக்கு எளிது.

கடைசியாக, உங்கள் கடிதத்திலேயே விடை ஒளிந்திருக்கிறது. நீங்கள் தனியாகப் போவதில்லை. குழுவாகப் போகிறவருக்கு ரேடியேட்டர் உடைவது ஒரு நாள் கெட்டுப்போகும் தொல்லை. மற்றொரு வாகனம் கட்டி இழுத்துவரும். தனியாகப் போகிறவருக்குத்தான் அது ஆபத்து. ஆகவே அந்தப் பணத்தையும் எடை அனுமதியையும் உங்களுக்கு உண்மையில் பயன்படும் பொருள்களில் செலவிடுங்கள்: சேஸிஸில் நேரடியாக இணையும் தரமான இழுப்புக் கொக்கிகள், என்ஜினுக்கும் ரேடியேட்டரின் கீழ்ப்பகுதிக்கும் அடியில் தடித்த தகடு, மணலில் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் பலகைகள், உபரி ரேடியேட்டர் ஹோஸும் கூலண்டும். ஆற்றுப் படுகையிலும் கல் பாதையிலும் முகப்பைவிட வாகனத்தின் அடிவயிறே அதிகம் அடிபடும்.

ஒரே ஒரு சூழ்நிலையில் என் பதில் மாறும். செங்குத்தான கரைகளில் ஏறும்போதெல்லாம் உங்கள் முன் பம்பரின் கீழ் விளிம்பு தட்டித் தட்டிக் கிழிகிறதென்றால், விளிம்பு மேல்நோக்கி வெட்டப்பட்ட ஆஃப்ரோடு பம்பர் ஒன்றைப் பற்றி யோசிக்கலாம். முன்சக்கரத்துக்கும் பம்பர் நுனிக்கும் இடையிலான அணுகு கோணத்தை அது கூட்டுகிறது. அதற்கு மேலே எழும்பி நிற்கும் வளையக் குழாய்கள் இல்லாத வகையும் கிடைக்கிறது; கோணத்துக்கும் அந்த வளையங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கேள்வி: எஃகுப் புல் பாரும், சிக்கிய வாகனத்தைக் கயிறு சுற்றி இழுக்கும் வின்ச்சும் பொருத்திய பிறகு என் வாகனத்தின் முன்பகுதி தாழ்ந்துவிட்டது. பிரேக் போட்டால் மூக்கு குத்துகிறது. பொருத்தியவரைக் கேட்டால், மொத்தம் 90 கிலோதான், இரண்டு பேர் உட்கார்ந்ததற்குச் சமம், கவலைப்படாதீர்கள் என்கிறார். இது சரியா?

பதில்: எடை சரி, ஒப்பீடு தவறு. இருக்கையில் அமரும் இருவர் இரண்டு அச்சுகளுக்கும் இடையில் அமர்கிறார்கள்; அவர்களின் எடை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கிடப்படுகிறது. பாரும் வின்ச்சும் முன் அச்சுக்கும் முன்னால் தொங்குகின்றன. ஏற்ற இறக்கப் பலகையின் (சீசா) ஒரு முனைக்கு வெளியே அமர்ந்தவர் மறுமுனையைத் தூக்குவது போல, அவை முன் அச்சின் மீது தம் எடைக்கும் அதிகமான சுமையை ஏற்றிவிட்டு, பின் அச்சிலிருந்து எடையைக் கழிக்கின்றன.

உங்கள் வாகனத்தின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் 2.7 மீட்டர் என்றும், பார், வின்ச் ஆகியவற்றின் எடை மையம் முன் அச்சுக்கு 0.9 மீட்டர் முன்னால் இருக்கிறது என்றும் கொள்வோம். 90 கிலோவை 3.6-ஆல் பெருக்கி 2.7-ஆல் வகுத்தால் 120 கிலோ வருகிறது. முன் அச்சில் கூடியிருப்பது 120 கிலோ. பின் அச்சில் குறைந்திருப்பது 30 கிலோ. மூக்கு குத்துவது இதனால்தான். பின் டயர்களின் பிடிப்பு ஈரச் சாலையில் குறைந்திருப்பதையும் நீங்கள் கவனித்திருக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது, எடை மேடை ஒன்றில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்தி எடை பார்ப்பது. ஓட்டுநரும் முன் பயணியும் அமர்ந்த நிலையில் பாருங்கள். வந்த எண்ணை, கதவு ஓரத்திலோ என்ஜின் அறையிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் குறிப்பிட்டுள்ள முன் அச்சின் உச்ச வரம்போடு ஒப்பிடுங்கள். வரம்புக்குள் இருந்தால், கூடுதல் எடைக்கென்று தயாரிக்கப்பட்ட முன் ஸ்பிரிங்குகளையும் அவற்றுக்கு ஏற்ற ஷாக் அப்சார்பர்களையும் மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பின் வீல் அலைன்மென்ட்டும் ஹெட்லைட் உயரமும் கட்டாயம் சரிபார்க்கப்பட வேண்டும். வரம்பைத் தாண்டியிருந்தால் ஸ்பிரிங் மாற்றுவது தீர்வாகாது. கனமான ஸ்பிரிங் வாகனத்தை உயர்த்தி நிறுத்தும். ஆனால் அச்சும் பேரிங்கும் டயரும் பிரேக்கும் பழைய வலிமையோடேதான் இருக்கும். சுமையைத்தான் குறைக்க வேண்டும். எஃகுக் கயிற்றுக்குப் பதில் செயற்கை இழைக் கயிறு போட்டாலே வின்ச்சில் சில கிலோ குறையும். மூக்கு நுனியில் குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் கூடுதல் மதிப்பு உண்டு. பின்பகுதியில் சுமை ஏற்றி வாகனத்தைச் சமன் செய்யும் யோசனையைச் சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

கேள்வி: புல் பார் இருந்தால் ஏர்பேக் விரியாது என்று ஒருவர் சொல்கிறார், தேவையில்லாமல் விரிந்துவிடும் என்று மற்றொருவர் சொல்கிறார். எது உண்மை?

பதில்: பார் எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து இரண்டுமே நடக்கக்கூடும். மோதலின்போது வாகனத்தின் முன்பகுதி அடுக்கடுக்காக நசுங்க வேண்டும் என்பது 1959-இல் வெளிவந்த மெர்சிடிஸ் வாகனத்தில் பேலா பரேனி என்ற பொறியாளர் நடைமுறைப்படுத்திக் காட்டிய கருத்து. இன்று எல்லா வாகனங்களும் அதைப் பின்பற்றுகின்றன. நசுங்கும்போது வேகம் எந்த விதத்தில் குறைகிறது என்பதைச் சென்சார்கள் அளந்து, சில பத்து மில்லி விநாடிகளுக்குள் ஏர்பேக்கை விரிப்பதா வேண்டாமா என்று கணினி முடிவெடுக்கிறது. அந்த முடிவு, தொழிற்சாலையில் பார் இல்லாத வாகனத்தை மோதவிட்டுக் கற்றுக்கொடுத்த பாடம். தடித்த பாரை நேரடியாகச் சேஸிஸ் நுனியில் போல்ட் போட்டு இறுக்கினால், மோதலின் அதிர்வு முன்பைவிட விரைவாகவும் கூர்மையாகவும் சென்சாரை எட்டும். சிறிய இடிக்கே ஏர்பேக் விரியலாம். வேறு அமைப்பில் பார் வேறு பாதையில் விசையைக் கடத்தி, விரிய வேண்டிய நேரத்தைத் தாமதப்படுத்தலாம்.

ஆகவே பாரை வாங்கும்போது கேட்க வேண்டியது, குறிப்பாக உங்கள் வாகனத்தின் அந்த மாடலுக்கும் அந்த ஆண்டுக்கும் ஏர்பேக் பொருத்தம் சோதிக்கப்பட்டதா என்பதையே. அப்படிச் சோதிக்கப்பட்ட பார்களில், பாருக்கும் சேஸிஸுக்கும் இடையே, குறிப்பிட்ட விசையில் நசுங்கும்படி மடிப்புகள் வைத்த இணைப்புத் தகடுகள் இருக்கும். உள்ளூர்ப் பட்டறையில் நல்ல வெல்டிங்கோடு அழகாகச் செய்து தரப்படும் பாரில் அது இருக்காது. அங்கே பாரின் வலிமையே குறையாக மாறுகிறது. அண்மைக்கால வாகனங்களுக்குப் பட்டறைப் பார் வேண்டவே வேண்டாம் என்பேன்.

கேள்வி: எஃகு, அலுமினியம், பிளாஸ்டிக் மூன்றில் எது சிறந்தது? நான் அரசுப் பணி நிமித்தம் ஆண்டு முழுவதும் வனப்பகுதியில் தனியாக வாகனம் ஓட்டுகிறேன். பார் பொருத்த அனுமதியும் இருக்கிறது.

பதில்: உங்களைப் போன்றவருக்காகத்தான் அது உருவாக்கப்பட்டது, மறுக்க எனக்குக் காரணமில்லை.

அலுமினியத்தின் அடர்த்தி எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அதே வலிமைக்கு அலுமினியத்தைத் தடிமனாக எடுக்க வேண்டியிருப்பதால், முழுப் பாரின் எடை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடாது. பாதியை ஒட்டி நிற்கும். இந்த மிச்சம் முன் அச்சுக்குப் பெரிய ஆறுதல். குறை என்னவென்றால், பலத்த அடியில் எஃகு வளைகிறது, அலுமினியம் பிளக்கிறது. வளைந்த எஃகை எந்த ஊர்ப் பட்டறையிலும் சம்மட்டியால் நிமிர்த்தி வெல்டிங் வைத்துவிடலாம். பிளந்த அலுமினியத்துக்கு ஆர்கான் வாயு வெல்டிங்கும் கைதேர்ந்த ஆளும் வேண்டும். கடற்கரை ஓரத்தில் ஓட்டுவதாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள்: அலுமினியமும் எஃகு போல்ட்டும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், போல்ட்டைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும். எஃகுக்குத் துரு எதிரி. பவுடர் கோட்டிங்கில் கல் பட்டுச் சிறு பொத்தல் விழுந்ததும் அடைத்துவிட வேண்டும்.

தடித்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் பார்களைப் பலர் விளையாட்டுப் பொருளாக நினைக்கிறார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. நடுத்தரமான இடிகளில் அது உள்வாங்கி, மறுபடி பழைய வடிவத்துக்கு வந்துவிடுகிறது, துருப்பிடிப்பதில்லை, நடப்பவருக்கும் எஃகைவிட இணக்கமானது. ஆனால் பெரிய விலங்கின் இடியை அது எஃகைப் போலத் தாங்காது. வின்ச் பொருத்த உள்ளே தனி எஃகுச் சட்டகம் வேண்டும்.

தனியாகச் செல்பவர், மாடு, காட்டெருமை போன்ற பெரிய விலங்குகள் நடமாடும் பகுதி, தொலைவில் பட்டறை என்றால், நான் எஃகைத்தான் தேர்ந்தெடுப்பேன். எடைக்காகப் புலம்பிக்கொண்டே தேர்ந்தெடுப்பேன். எந்தப் பொருளாக இருந்தாலும், கூடுதல் விளக்குகளை ரேடியேட்டருக்கு நேர் முன்னால் வரிசையாக மாட்டாதீர்கள். மெதுவான வேகத்தில் செங்குத்தான ஏற்றம் ஏறும்போது காற்றோட்டம் ஏற்கெனவே குறைவு. விளக்குகள் அதையும் மறைத்தால் வெப்பநிலை முள் ஏறத் தொடங்கும்.

கேள்வி: இரண்டு குழாய் வளைவுகள் மட்டும் உள்ள சிறிய நட்ஜ் பார் பொருத்தியிருக்கிறேன். சேற்றில் சிக்கினால் அதில் கயிறு கட்டி இழுக்கலாமா?

பதில்: கூடாது. சேற்றில் புதைந்த வாகனத்தை இழுக்கத் தேவைப்படும் விசை சில நேரங்களில் வாகனத்தின் முழு எடையையே தாண்டிவிடும். நட்ஜ் பாரைப் பிடித்திருக்கும் சில போல்ட்டுகளும் மெல்லிய தகடும் அதற்காக வடிவமைக்கப்பட்டவையல்ல. அவை பிய்த்துக்கொண்டால், இழுவிசையில் விறைத்திருந்த கயிறு அந்தக் குழாயைக் கவண் கல்லைப் போல எதிர் வாகனத்தின் கண்ணாடியை நோக்கி வீசும். இவ்வகை விபத்துகளில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். பின்னால் டிரெய்லரை மாட்டுவதற்காக இருக்கும் உருண்டையிலும் அதே காரணத்தால் கட்டக் கூடாது. சேஸிஸில் இணைந்த, சுமை வரம்பு பொறிக்கப்பட்ட இழுப்புக் கொக்கியில் மட்டுமே கட்ட வேண்டும். இரண்டு பக்கக் கொக்கிகளையும் ஒரு பட்டையால் இணைத்து அதன் நடுவில் இழுத்தால் சேஸிஸ் கோணாமல் இருக்கும். வின்ச்சுக்கென்றே தயாரிக்கப்பட்ட முழுப் பார் வேறு வகை. அதில் வின்ச் அமரும் தகடு சேஸிஸோடு நேரடியாக இணைந்திருக்கும். அதிலும்கூட மேல் வளையக் குழாயில் யாரும் கயிறு மாட்டலாகாது.

நட்ஜ் பாரின் பயன் என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கூடுதல் விளக்கு மாட்ட வசதியான இடம் அது. விலங்கு மோதலில் அது முதலில் மடங்கி, தானே ரேடியேட்டருக்குள் போய்க் குத்துவதும் உண்டு.

கேள்வி: என் புதிய வாகனத்தில் முன்செல்லும் வாகனத்தைக் கண்டு தானாகவே பிரேக் போடும் வசதி இருக்கிறது. பார் பொருத்தினால் அது வேலை செய்யுமா?

பதில்: பெரும்பாலான வாகனங்களில் அந்த வசதிக்கான ரேடார் கிரில்லின் சின்னத்துக்குப் பின்னாலோ பம்பரின் கீழ்ப்பகுதியிலோ இருக்கிறது. உலோகக் குழாய் அதன் முன்னால் வந்தால் அலைகள் சிதறிவிடும். கண் இருந்தும் பார்வை இல்லாத நிலை. சில சமயம் எச்சரிக்கை விளக்கு எரியும். சில சமயம் எதுவும் எரியாமலே அது தவறாகக் கணிக்கும், இது மேலும் மோசம். ரேடாருக்கும் பார்க்கிங் சென்சாருக்கும் முன் கேமராவுக்கும் இடம் விட்டு அந்த மாடலுக்கென வடிவமைத்த பாராக இருந்து, பொருத்திய பின் உரிய கருவியால் மறு அளவீடு செய்து தருவதாக இருந்தால் மட்டுமே யோசியுங்கள். தானாகப் பிரேக் போடும் வசதி வேண்டுமா பார் வேண்டுமா என்று ஒன்றையே தேர்ந்தெடுக்க நேர்ந்தால், சாலையில் ஓடும் வாகனத்துக்கு முன்னதே மேல்.

கேள்வி: பழைய வாகனம் வாங்கினேன், புல் பார் அதோடு வந்தது. எனக்கு அது தேவையில்லை. நானே கழற்றிவிடலாமா?

பதில்: கழற்றலாம், ஆனால் போல்ட்டுகளைக் கழற்றியவுடன் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். பார் பொருத்தும்போது தொழிற்சாலைப் பம்பரை வெட்டியிருப்பார்கள். பல வாகனங்களில் பம்பருக்குப் பின்னால் இரண்டு சேஸிஸ் நுனிகளையும் இணைக்கும் எஃகுக் குறுக்குச் சட்டத்தையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாரை அமர்த்தியிருப்பார்கள். முதலில் அடியில் படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். குறுக்குச் சட்டம் இல்லையென்றால், அதையும் நுரையையும் முழு பம்பரையும் அவற்றின் தாங்கிகளையும் வாங்கிவைத்துக்கொண்ட பிறகே பாரைக் கழற்ற வேண்டும். சட்டமில்லாத முகப்போடு ஒரு நாளும் சாலைக்குப் போகக் கூடாது. சேஸிஸ் நுனியில் கூடுதலாகத் துளையிட்டிருந்தால் துரு இருக்கிறதா என்று பார்த்துப் பூச்சு அடியுங்கள். பாருக்காக முன்பு கனமான ஸ்பிரிங் போட்டிருந்தால், எடை நீங்கியதும் மூக்கு உயர்ந்து ஹெட்லைட் எதிரில் வருபவரின் கண்ணில் அடிக்கும். அன்றைக்கே ஸ்பிரிங்கையும் மாற்றி விளக்கின் கோணத்தையும் சரிசெய்துவிடுங்கள்.